நசுங்கிய கதவும் பாலாற்று வெள்ளமும்

1

ஈப்போவில் மத்தியானத்துக்கு மேல் தினமும் மழை. வட ஆற்காட்டில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் பொறாமைப்படுவீர்கள். நானும் வந்த புதிதில் ஒவ்வொரு மழைக்கும் வாசலில் போய் நின்றவள்தான். இப்போது கொடியில் காயும் துணியை எடுக்க மட்டும் ஓடுகிறேன்.

போன வாரம் அப்படி ஒரு மழையில் ஒரு மோட்டாரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். ஈயச் சுரங்கம் வைத்திருக்கும் சீன முதலாளி ஒருவருடையது. பழைய வண்டி. இப்போது வருகிற மோட்டார்கள் உச்சி வரைக்கும் தகடு மூடிப் பெட்டி மாதிரி இருக்கின்றன. இது தோல் கூரையை மடக்கி விரிக்கிற அந்தக் காலத்து வண்டி. சாலையோரப் பள்ளத்தில் இறங்கியதில் முன்பக்க மட்கார்டு சுருண்டு, பின் கதவு குழிந்து உள்ளே போயிருந்தது.

என் வீட்டுக்காரர் தேவசகாயம் இங்கே மோட்டார் பாடி வேலை செய்கிறார். அடிபட்டு வரும் தகட்டை நிமிர்த்துவது அவர் வேலை; கிழிந்து வரும் சீட்டையும் கூரையையும் தைப்பது என் வேலை. வீட்டின் முன்பாதிதான் பட்டறை. அவர் மழையில் நனைந்தபடியே அந்த வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். கதவின் குழியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சலோமி, இது இன்னா வண்டின்னு தெரியுதா?"

தெரிந்தது. நிறம் மட்டும்தான் வேறு. வாணியம்பாடியில் அவர் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் கூடப்பிறந்த வண்டி. அதே அகலமான படி, அதே வட்ட விளக்குகள். அடிபட்ட இடமும் ஏறக்குறைய அதே இடம்.

"நம்மளத் தேடிக்கினு கப்பல் ஏறி வந்துட்ட மாதிரி இருக்கு," என்றார்.

அன்று முழுக்க நான் எதைத் தொட்டாலும், ஊரில் தோல் பதனிடப் போடும் ஆவாரம்பட்டையின் வாசனை அடித்தது. ஈப்போவில் ஆவாரம்பட்டை ஏது? ஆனாலும் அடித்தது.

2

இங்கே அடிபட்ட வண்டியை வந்ததும் தொட்டுவிட முடியாது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து, அவர்கள் வந்து பார்த்து, காகிதத்தில் முத்திரை குத்திய பிறகுதான் சுத்தியலை எடுக்கலாம். அந்தக் காகிதத்தில் வண்டியைப் பற்றிக் கேட்பதைவிட வண்டியைச் சரிசெய்கிறவனைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், பிறந்த ஊர் எது என்று கேட்டார். வேலூர்ப் பக்கம் என்று இவர் சொன்னார். "சிறைச்சாலை இருக்கிற ஊரோ?" என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு 'மதராஸ்' என்று எழுதிக்கொண்டாராம். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான். கடல் தாண்டினால் ஆம்பூரும் வேலூரும் விரிஞ்சிபுரமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போகின்றன.

சொற்களோடு எனக்கு இங்கே முதலிலிருந்தே தகராறு. வந்த புதிதில் சீட்டுத் தைக்கத் தோல் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். மலாய்க்காரக் கடைக்காரர் என் கையிலிருந்த பழைய தோல் துண்டைக் காட்டி, "குலித்? குலித்?" என்று கேட்டார். குளித்துவிட்டு வந்தாயா என்று கேட்கிறார் போலிருக்கிறது, தோல் வேலைக்காரி என்பதால் மூக்கைப் பிடிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, "காலையிலேயே குளிச்சாச்சு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். மலாயில் தோலுக்குத்தான் குலித் என்று பெயர். அவர் பாவம், நான் ஏன் கோபித்துக்கொண்டேன் என்று தெரியாமல் விழித்தார்.

என் மகள் எஸ்தருக்கு இந்தத் தகராறு எதுவும் இல்லை. கான்வென்ட்டில் படிக்கிறாள். இங்கிலீஷ் ஒரு வாயில், மலாய் ஒரு வாயில். தமிழ் மட்டும் என்னுடைய தமிழாக வரவில்லை. அவள் தோழிகளெல்லாம் ரயில்வே குமாஸ்தாக்களின் பெண்கள், யாழ்ப்பாணத்துக்காரர்கள். அவர்களோடு பேசிப் பேசி, "அம்மா, 'இன்னா' எண்டு சொல்லாதேங்கோ, பள்ளிக்கூடத்தில சிரிக்கினம்" என்கிறாள். பிள்ளைகள் வெள்ளைக்காரப் பாஷைக்குப் போய்விடுவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். இவள் தமிழுக்குள்ளேயே வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டால் "மோட்டார் என்ஜினியர்" என்று சொல்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். பட்டறைப் பக்கம் அவள் வருவதில்லை. பக்கத்துச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் போவாள். சீன முதலாளியின் வண்டி வந்த அன்று மட்டும் சந்தில் முழங்கால் தண்ணீர். புத்தகப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தவள், நாங்கள் இருவரும் அந்த வண்டியை மூக்கால் உரசாத குறையாக நிற்பதைப் பார்த்தாள்.

"இந்தப் பழைய காரில அப்பிடி என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

மழை விடுகிற மாதிரி இல்லை. நான் அவளுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

3

என் அப்பா ஆம்பூரில் குதிரைச் சேணம் தைத்தவர். ஆண் பிள்ளை இல்லாத வீடு. ஊசியும் மெழுகு நூலும் என் கைக்கு வந்தன. தோல் தைக்கத் தெரிந்தவளுக்குத் துணி பெரிய காரியமில்லை. வாணியம்பாடியில் தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்த ஒரு சாயபு வீட்டில், பெண்கள் இருக்கும் பின்கட்டில் தையல் வேலைக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் பீபிம்மா என்பார்கள். என்னைவிடச் சில வயதுதான் மூத்தவர். குழந்தை இல்லை. தையல் மிஷின் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்து, நான் தைக்கத் தைக்கக் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார். ஆம்பூர் ஸ்டேஷன் எப்படி இருக்கும், சர்ச்சுக்குள்ளே எங்கே உட்காருவீர்கள், மாட்டு வண்டியில் முன்னால் உட்கார்ந்தால் பயமாக இருக்குமா என்று. கேட்பதெல்லாம் வெளியே இருக்கிற சாமான்களைப் பற்றித்தான்.

சாயபு மோட்டார் வாங்கியபோது வாணியம்பாடியே வந்து பார்த்தது. கரும்பச்சை உடம்பு, கறுப்பு மட்கார்டு. அதை ஓட்ட வேலூரிலிருந்து வந்தவர்தான் தேவசகாயம். அதற்கு முன் ஜட்காவுக்கும் கோச்சு வண்டிக்கும் கூடு கட்டும் கொட்டகையில் வேலை பார்த்தவர். காலையில் அவர் வண்டியைத் துடைப்பதை நான் மூங்கில் தட்டி வழியாகப் பார்த்திருக்கிறேன். குதிரையைத் தேய்க்கிற மாதிரி, வாய்க்குள் ஏதோ பேசிக்கொண்டே துடைப்பார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. சாயபு தோல் ஏலத்துக்கு மதராஸ் போயிருந்தார். மைசூர்ப் பக்கம் ஏரிகள் உடைந்து பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று தெருவில் கத்திக்கொண்டு ஓடினார்கள். உங்களுக்குத் தெரியாததில்லை, பாலாறு என்றால் நமக்கு மணல். அந்த மணலில் தண்ணீர் ஓடுகிறது என்றால் கல்யாண வீட்டுப் பந்தியை விட்டுக்கூட எழுந்து ஓடுவோம்.

வீட்டுக்குள்ளே ஆற்றின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தூரத்தில் யாரோ பெரிய பாயைச் சுருட்டுகிற மாதிரி. பீபிம்மா சாப்பிடவில்லை. மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஆறு ஆறுன்னு சொல்றீங்க. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் பார்த்தது மணலு மட்டும்தான். அதுவும் வண்டித் திரை ஓட்டையில. சலோமி, நீ என்கூட வர்றியா?"

4

தேவசகாயம் ஒப்புக்கொள்ளவில்லை. பீபிம்மாவோடு நேரே பேசுவது முறையில்லை என்பதால், அந்த அம்மாள் ஒரு கை தூரத்தில் நிற்கும்போதே என்னிடம் சொன்னார்.

"பீபிம்மாகிட்ட சொல்லுங்க. சாயபு இல்லாத நேரத்துல வேணாம். ரோடெல்லாம் சேறு."

"டிரைவர்கிட்ட சொல்லு," என்றார் பீபிம்மா என்னிடம். "சாயபு வர்ற வரைக்கும் தண்ணி நிக்காதுன்னு."

தேவசகாயம் வண்டிப் பக்கம் திரும்பினார். கூரையை விரித்து, இரண்டு பக்கமும் கறுப்புத் திரையைக் கட்டி, வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தார்.

ஆம்பூர்ச் சாலையில் கொஞ்ச தூரம் போய், ஆற்றங்கரைத் தடத்தில் திரும்பினோம். மழை தூறலாகிவிட்டிருந்தது. கரையில் ஓர் ஆள் இல்லை. வேடிக்கை பார்க்கிறவர்களெல்லாம் ஊர்த் துறையில் நின்றார்கள். பீபிம்மா திரையை ஒதுக்கினார். பிறகு முகத்திரையையும் தூக்கிவிட்டார்.

நான் அந்தத் தண்ணீரை இப்போதும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். செம்மண் நிறம். அக்கரை தெரியவில்லை. ஒரு குடிசைக் கூரை அப்படியே, கலையாமல், யாரோ பத்திரமாக எடுத்துப் போகிற மாதிரி மிதந்து போனது. அதன் மேல் ஒரு சேவல். வாழை மரங்கள் குலையோடு போயின. தண்ணீரில் வேகமே தெரியவில்லை; தண்ணீர் நிற்கிறது, கரையும் நாங்களும்தான் மேற்கே நகர்கிறோம் என்று தோன்றியது. பீபிம்மா கதவின் மேல் இரண்டு கையையும் வைத்து, தலையை வெளியே நீட்டியிருந்தார். முகமெல்லாம் தூறல். கேள்வி கேட்காமல் அவர் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ரொம்ப நேரம் கழித்து, "இன்னும் கொஞ்சம் கிட்ட," என்றார்.

தேவசகாயம் என் முகத்தைப் பார்த்தார். நான் பீபிம்மா முகத்தைப் பார்த்தேன். வண்டி மெல்ல நகர்ந்தது. களிமண் தடம். பின் சக்கரம் வழுக்கியது. எருமை குட்டையில் சாய்கிற மாதிரி, அவசரமே இல்லாமல், அந்தப் பெரிய வண்டி பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் சாய்ந்தது. தகடு நசுங்கும் சத்தம் கேட்டது. ஒரு கிளை கூரையைக் கிழித்துக்கொண்டு எங்கள் இருவருக்கும் நடுவே வந்து நின்றது.

தேவசகாயம் குதித்து இறங்கி ஓடிவந்தார். முறையெல்லாம் அவருக்கு மறந்துவிட்டது.

"அடி பட்டுச்சாம்மா?" என்று பீபிம்மாவிடமே கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மரம் இல்லேன்னா?" என்றார் பீபிம்மா.

மரத்துக்கு அந்தப் பக்கம் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

5

வண்டி ஓடியது. ஆனால் மட்கார்டு சுருண்டு டயரை உரச, பின் கதவு குழிந்து கிடந்தது. பீபிம்மாவை வீட்டில் இறக்கிவிட்டு, வண்டியை நேரே தோல் கொட்டகைக்குக் கொண்டுபோனோம். சுண்ணாம்புத் தொட்டிகளில் வெள்ளம் புகுந்துவிட்டதால் அங்கே வேலை நின்றிருந்தது. கொட்டகையில் காயப்போட்ட ஆட்டுத்தோல்களும் நாங்களும்தான்.

"யார் கேட்டாலும் நான்தான் எடுத்துக்கினு போனேன்னு சொல்லிடுறேன்," என்றார் அவர். "பீபிம்மா பேரு இதுல வரக்கூடாது. வந்தா அவங்க மறுபடி வாசப்படி தாண்ட முடியாது."

"உங்க கதி?"

"எனக்கு இன்னா, வேலூர்ல ஜட்கா இல்லாமயா போய்டும்?"

ஆனால் மோட்டாரை உடைத்த டிரைவரை யார் சேர்த்துக்கொள்வார்கள் என்பது இருவருக்கும் தெரியும். போலீசும் வரலாம்.

நல்ல காலம், ரயில் பாதையை வெள்ளம் அரித்துவிட்டது. அது சரியாகும் வரை சாயபு வர முடியாது. மட்கார்டைக் கழற்றினார். கதவின் உள்பக்கத்து மரச் சட்டம் விரிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு வாகைக் கட்டையில் புதுச் சட்டம் இழைத்தார். நசுங்கிய தகட்டைக் கல் மேல் வைத்து அடித்தால் வடு விழும். அடியில் மெத்தென்று ஏதாவது வேண்டும் என்றார். கொட்டகையில் கிடந்த மாட்டுத்தோலில் தலையணை போல ஒரு பை தைத்துக் கொடுத்தேன். மணலை இறுக நிரப்பி, அதன் மேல் தகட்டைக் கவிழ்த்து, மரச் சுத்தியால் குழியின் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தட்டிக்கொண்டே வந்தார். ஓங்கி அடிக்கவே இல்லை. கையில் மெல்லிய துணியைச் சுற்றிக்கொண்டு தடவிப் பார்ப்பார், மறுபடி தட்டுவார். தகடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை இழுத்துவிடுகிற மாதிரி எழும்பி வந்தது. எழும்பாத சின்னப் பள்ளங்களில் ஈயத்தை உருக்கி நிரப்பி அராவினார்.

நான் கூரையைத் தைத்தேன். முழங்கை நீளக் கிழிசல். அடியில் ஆட்டுத்தோல் ஒட்டுக் கொடுத்து, பழைய தையலின் துளையிலேயே ஊசியை விட்டு எடுத்தேன். வெளியே மழை. உள்ளே டொக், டொக். ஒருதரம் அவர் தட்டுவதை நிறுத்திவிட்டு, "அந்தச் சேவல் எங்க போய் இறங்கியிருக்கும்?" என்றார். நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிஷத்தில்தான் இவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியது. இதை எஸ்தரிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

வீட்டுக்குப் போனதும் பீபிம்மா கேட்பார், "எப்படி இருக்கு?" ஜுரத்தில் படுத்த மனுஷரை விசாரிக்கிற மாதிரி.

மட்கார்டுக்குக் கறுப்பு வார்னிஷ் கிடைத்தது. கதவுக்குத்தான் அந்தக் கரும்பச்சை கிடைக்கவில்லை. வேலூருக்குச் சொல்லி அனுப்ப வழியில்லை, பாதையே இல்லையே. அடித்து அராவி வழுவழுப்பாக்கிய கதவு, பச்சை வண்டியில் வெள்ளைத் தகடாக மின்னிக்கொண்டு நின்றது. வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திய மறுநாள் காலை, சாயபு ஸ்டேஷனிலிருந்து ஜட்காவில் வந்து இறங்கினார்.

6

மூங்கில் தட்டிக்குப் பின்னால் நானும் பீபிம்மாவும் நின்றோம். முற்றத்தில் கணக்குப்பிள்ளையும் வேலையாட்களும் கூடிவிட்டார்கள். சாயபு கதவைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார்.

"யார் இடிச்சது?"

"நான்தானுங்க."

"எங்க?"

"ஆத்தங்கரையில."

"அங்க உனக்கு இன்னா வேலை?"

"தண்ணி பாக்கப் போனேனுங்க."

யாரோ சிரித்தார்கள். சாயபு முகம் சிவந்தது. "தண்ணி பாக்க என் மோட்டார்ல போவியா? உனக்கு அவ்ளோ ஜாஸ்தியாப் போச்சா? டிரைவர் தொப்பியைக் கழட்டி வை. கணக்குப்பிள்ளை, போலீசுக்கு ஆள் அனுப்புங்க."

தேவசகாயம் தொப்பியைக் கழற்றினார். நான் திரும்பினால் பக்கத்தில் பீபிம்மா இல்லை. ஆணியில் இருந்த புர்காவும் இல்லை.

ஆண்கள் நிற்கும் முற்றத்துக்கு அவர் அதற்கு முன் வந்ததே கிடையாது. கூட்டம் தானாகத் தலை குனிந்து விலகியது. அவர் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்த வெள்ளைக் கதவின் மேல் கையை வைத்தார்.

"தொப்பி அவர்கிட்டயே இருக்கட்டும். நான்தான் போகச் சொன்னேன். அவரு வேணாம்னாரு. நான் கேக்கல."

சாயபு கையை ஆட்டினார். கணக்குப்பிள்ளையும் மற்றவர்களும் வெளியே போய்விட்டார்கள். தேவசகாயத்துக்குப் போவதா நிற்பதா என்று தெரியவில்லை, நின்றார். சாயபு கத்தப்போகிறார் என்று நான் தட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

சாயபு கேட்டது வேறு.

"பார்த்தியா?"

"எதை?"

"தண்ணியை."

"பார்த்தேன்."

"ரயிலு விரிஞ்சிபுரத்துப் பக்கம் நின்னுடிச்சு. ராத்திரியெல்லாம் சத்தம் மட்டும் கேட்டுக்கினு இருந்தேன். விடிஞ்சதும் மதராசுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க." அவர் வண்டியின் படியில் உட்கார்ந்தார். புதுத் துணி, பயணத் துணி, எதையும் பார்க்கவில்லை. "எங்க அப்பா காலத்துல வந்ததாம். நான் பார்த்ததில்ல. எப்படி இருந்துச்சு?"

பீபிம்மா நின்றபடியே சொல்ல ஆரம்பித்தார். கூரை மிதந்ததை, வாழைக் குலையை, அக்கரை இல்லாமல் போனதை. இடையில் சாயபு, "சேவலா? உயிரோடவா?" என்று கேட்டார். "உயிரோடதான். வேணும்னா டிரைவரைக் கேளுங்க," என்றார் பீபிம்மா. தேவசகாயம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே, "ஆமாங்க, சேவல்தானுங்க," என்றார்.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பல நாள் சாயபு டிரைவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலூரிலிருந்து ஆள் வந்து கதவுக்குப் பச்சை அடித்தான்; பச்சை கொஞ்சம் வெளிர்ந்துதான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகு, வெயில் தாழ்ந்தால், "பீபி வெளிய போகணுமா கேளு" என்று சாயபுவே சொல்லி அனுப்புவார். ஆறு பழையபடி மணலாகிவிட்டது. அவர்கள் மணலைத்தான் பார்க்கப் போனார்கள்.

மறு வருஷம் எங்களுக்கு ஆம்பூர் சர்ச்சில் கல்யாணம். பிறகு சாயபுவின் சொந்தக்காரர் ஒருவர் பினாங்கிலிருந்து வந்தவர், அந்தக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் எனக்கு வேண்டும் என்றார். அப்படித்தான் கப்பல் ஏறினோம். பினாங்கிலிருந்து ஈப்போ.

7

நான் சொல்லி முடித்தபோது எஸ்தர் சீன முதலாளியின் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஏதோ ஆணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மாவின்ட பேர் என்ன?" என்று கேட்டாள்.

"பீபிம்மா."

"அது பேர் இல்லையே, அம்மா. அது கூப்பிடுறது."

அவர் வீட்டில் எத்தனை துணி தைத்திருக்கிறேன், எத்தனை கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். மாமியார் ஒரு மாதிரி கூப்பிடுவார், நாத்தனார் ஒரு மாதிரி கூப்பிடுவார். எல்லாமே முறை. அவர் என்னை எல்லாம் கேட்டார். நான் அவரை இந்த ஒன்றைக் கேட்கவில்லை.

"எனக்குத் தெரியாதுடி," என்றேன்.

வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"மெஹருன்னிசா."

நாங்கள் இருவரும் குனிந்தோம். இவர் எங்களைப் பார்க்கவில்லை, ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு முற்றத்துக்கு வந்தாங்களே, அப்ப சாயபு பதறிப்போய் அப்படித்தான் கூப்பிட்டாரு. மெதுவாதான் கூப்பிட்டாரு, நீ நின்ன இடத்துக்குக் கேட்டிருக்காது. என் காதுல விழுந்துடுச்சு."

"இத்தனை வருஷம் என்கிட்டகூட ஏன் சொல்லல?"

"ஒரு டிரைவர் வாயில வர்ற பேரா அது?"

திருகுவது கொஞ்ச நேரம் நின்று, மறுபடி தொடங்கியது. எஸ்தர் அந்தப் பெயரை ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். அவள் வாயில் அது சுத்தமாக வந்தது. நானும் சொன்னேன். பீபிம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எனக்கு அதுதான் முதல் தடவை.